கிலோமீட்டருக்கு அஞ்சு ரூபா: நடந்து காசு சேர்க்கலாமா, சும்மா எடுத்துக் குடுத்துடலாமா?

பகுதி: மும்பைத் தமிழர் பேச்சு › ஊர்க்காரியம்

#1 · சாயன் மூணாம் மாடி · புதன் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நீளமா எழுதப் போறேன், டீ போட்டுக்கிட்டு உக்காருங்க.

ஞாயித்துக்கிழமை தாராவியில இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கப் போறேன்னு முன்னாடி இங்க எழுதியிருந்தேன். ஆதரவில்லாத பிள்ளைங்களுக்கான ஹோம்ல வளர்ந்து, பதினெட்டு முடிஞ்சு வெளிய வந்த பிள்ளைங்க ஒன்பது பேர். ரெண்டு வாடகை ரூம். ஒரு சின்ன டிரஸ்ட் பாத்துக்குது. பேரை இங்க போடல, கேக்குறவங்களுக்குத் தனிச்செய்தியில சொல்றேன்.

2015 சிறார் நீதிச் சட்டப்படி ஹோம் பதினெட்டு வயசு வரைக்கும்தான். அதுக்கப்புறம் இருபத்தொண்ணு வரைக்கும் பின்பராமரிப்புன்னு ஒண்ணு அதே சட்டத்துல இருக்கு. எழுத்துல இருக்கிறது எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேர்றதில்ல. பிறந்தநாள் முடிஞ்ச கையோட ஒரு பையும் ஒரு மார்க்‌ஷீட்டுமா வெளிய நின்ன பிள்ளைங்கதான் இந்த ஒன்பது பேரும். என் பையனுக்குப் பத்தொன்பது வயசு. ரேஷன் கார்டு எந்த டிராயர்ல இருக்குன்னு இன்னும் எனக்குத்தான் போன் பண்ணுறான்.

இப்ப ரூம் ஓனர் டெபாசிட்டை ஏத்திக் கேக்குறார். ரெண்டு பேருக்கு கோர்ஸ் ஃபீஸ் பாக்கி. அதுக்காக ஒரு யோசனை. டிசம்பர் முழுக்க நடக்கிறது. ஆளுக்கு 100 கி.மீ., அதாவது தினம் மூணே கால். நடக்கிறவங்க தெரிஞ்சவங்ககிட்ட கிலோமீட்டருக்கு அஞ்சோ பத்தோ கேட்டு வாங்கணும். அஞ்சு ரூபா வீதம் இருபது பேர் ஒத்துக்கிட்டா ஒரு ஆள் மாசக் கடைசியில பத்தாயிரம் கொண்டு வந்துடலாம். கடைசி ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து தாராவி 90 அடி ரோட்ல கிளம்பி சாயன், கிங்ஸ் சர்க்கிள், தாதர் டிடி, பரேல், லால்பாக், பைகுல்லா வழியா சிஎஸ்எம்டி (பழைய விடி ஸ்டேஷன்). ரயில் கணக்குல சாயன்ல இருந்து சிஎஸ்எம்டி 13 கி.மீ., ரோட்லயும் அதைச் சுத்தித்தான் வரும்.

யார் யார் வர்றீங்க?

#2 · 8.12 ஸ்லோ · புதன் இரவு 9.52

முலுண்ட்ல இருந்து ஒரு ஓட்டு. மூணு பேரைக் கூட்டிட்டு வர்றேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. போன்ல ஸ்டெப் கணக்கை நம்பாதீங்க. போன வாரம் தானேயில இருந்து தாதர் வரைக்கும் கதவுகிட்ட தொங்கிட்டு வந்தேன். இறங்கிப் பாத்தா 1,900 ஸ்டெப்பாம். ரயில் ஆடினதை எல்லாம் நான் நடந்ததா எழுதிக்கிச்சு. எங்க ஆபீஸ் போட்டியில ஒருத்தன் போனை அவன் குழந்தையோட தொட்டில்ல கட்டிவிட்டு முதல் பரிசு வாங்கினான். ஸ்டெப் வேண்டாம், கிலோமீட்டரை மட்டும் வைங்க. அதுவும் ஜிபிஎஸ் போட்டு.

#3 · அஞ்சு கார்டன் · வியாழன் காலை 6.15

சொல்றேன், கோச்சுக்காதீங்கோ. எனக்கு இந்த நடை வியாபாரமே புரியலை. பிள்ளைகளுக்குப் பணம் வேணும். என்னண்டை கொஞ்சம் இருக்கு. நான் குடுத்தா தீர்ந்தது. நடுவுல நீங்க எதுக்கு நூறு கிலோமீட்டர் நடக்கணும்? நீங்க நடக்கிறதால அந்தப் பையனுக்கு ஒரு தோசை கூட ஜாஸ்தி கிடைக்கப் போறதில்லை.

நாப்பது வருஷம் கணக்குத் தணிக்கையில இருந்தவன். இந்த மாதிரி நடை, ஓட்டம், சைக்கிள் எல்லாத்தோட வரவு செலவையும் பாத்திருக்கேன். டி-ஷர்ட் ஒரு வரி. மேடை, மைக் ஒரு வரி. மெடல் ஒரு வரி. தண்ணி பாட்டில், பேனர், போட்டோக்காரன், தலைக்கு ஒரு உப்புமா பொட்டலம். கடைசி வரியில 'பயனாளிகளுக்கு'ன்னு ஒண்ணு இருக்கும். அந்த வரியைப் பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும்.

#4 · சாயன் மூணாம் மாடி · வியாழன் காலை 8.05

மாமா, நீங்க குடுப்பீங்க, எனக்குத் தெரியும். உங்களை மாதிரி கேக்காமலே குடுக்கிறவங்களுக்கு இந்த நடை தேவையே இல்ல. என் கஷ்டம் மத்தவங்ககிட்ட.

போன வருஷம் இதே பிள்ளைங்களுக்காக என் போன்ல இருக்கிற எழுபது பேருக்குத் தனித்தனியா எழுதினேன். காலேஜ் தோழிங்க, பழைய ஆபீஸ்காரங்க, நாத்தனார் வீட்டு ஆளுங்க. பதினோரு பேர் குடுத்தாங்க. மீதிப் பேர் குடுக்காதது கூடப் பரவாயில்ல, பேச்சையே நிறுத்திட்டாங்க. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினா, இவ மறுபடி கேப்பாளோன்னு பயந்து கும்பிடு பொம்மையோட நிறுத்திக்கிட்டாங்க.

இந்தத் தடவை ஒரு சோதனை செஞ்சு பாத்தேன். நாலு பேர்கிட்ட மட்டும் "நான் நூறு கி.மீ. நடக்கப் போறேன், கிலோமீட்டருக்கு அஞ்சு ரூபா பந்தயம்"னு சொன்னேன். அதுல ரெண்டு பேர் போன வருஷம் வாயை மூடிக்கிட்டவங்க. ஒருத்தி "நீயா? மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குவியே, பத்து ரூபா வெச்சுக்கோ"ங்கிறா. இன்னொருத்தி இப்பவே தினம் கேக்குறா, பழக ஆரம்பிச்சியா, எவ்வளவு ஆச்சுன்னு. நான் வெறுங்கையோட போய் நிக்கும்போது அவங்க தர்மம் பண்ணுறவங்க, நான் கேட்டு நிக்கிறவ. நடக்கிறேன்னு சொன்னதும் ரெண்டு பேரும் ஒரு விளையாட்டுல சேந்துட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான் மாமா. ஆனா கேக்குறவளுக்கு அது பெருசு.

#5 · துபாய் தற்காலிகம் · வியாழன் காலை 10.30

(தற்காலிகம்னு பேர் வெச்சு பதினாலு வருஷம் ஆச்சு. சிரிக்காதீங்க.)

அக்கா சொல்றது சரி. 2020 ஏப்ரல்ல இங்கிலாந்துல கேப்டன் டாம் மூர் செஞ்சது ஞாபகம் இருக்கா? 99 வயசு. தள்ளுவண்டி மாதிரி ஒரு ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுத் தோட்டத்துல 25 மீட்டர் தூரத்தை நூறு தடவை, நூறாவது பிறந்தநாளுக்குள்ள நடந்து முடிக்கிறேன்னு கிளம்பினார். ஆயிரம் பவுண்டு சேந்தாப் போதும்னுதான் ஆரம்பம். சேந்தது 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல. கூட்டிப் பாத்தா மொத்தமே ரெண்டரை கி.மீ.தான்! நடந்த தூரமா அந்தக் காசைக் கொண்டு வந்துச்சு? ஒரு தாத்தா தினம் கொஞ்சம் கொஞ்சமா முடிச்சுக்கிட்டு வர்றதை ஊரே பாத்துச்சு. அதான்.

#6 · அஞ்சு கார்டன் · வியாழன் காலை 11.10

பேஷ். மீதிக் கதையையும் சொல்லுமேன். அந்தப் பணம் அவா ஊர் சுகாதார அமைப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது, அதுல குறை ஒண்ணும் இல்லை. ஆனா அப்புறம் அவர் பேர்ல தனியா ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சா. அதை விசாரிச்சு 2024 நவம்பர்ல அந்த ஊர் அறக்கட்டளை ஆணையம் அறிக்கை விட்டது. குடும்பத்துக்காரா நிர்வாகத்துல முறைகேடு, தனக்கு லாபம்னு பக்கம் பக்கமா. பாவம் கிழவர் 2021லயே போயிட்டார். நடந்தவர் மேல தப்பே இல்லை. நடந்து முடிச்சப்புறம் கணக்கை யார் வெச்சுக்கறான்னுதான் நான் கேக்கறேன்.

#7 · தொண்ணூறடி ரோடு · வியாழன் மதியம் 1.45

அண்ணாச்சி கேக்குதது நூத்துக்கு நூறு நாயம். எங்க ஆளுங்களுக்கு இதுல சூடு பட்ட அனுபவம் உண்டு.

மூணு வருஷம் முன்ன ஒரு கூட்டம் எங்க பக்கம் வந்துச்சு. தாராவிப் பிள்ளைங்களுக்காக நடக்கோம்னு பேனர். எங்க தெருப் பயலுவ இருபது பேரைக் கூப்ட்டு ஆளுக்கொரு மஞ்சச் சட்டை குடுத்து முன்னால நிறுத்தினாங்க. அட்டையில "என் கனவுக்கு உதவுங்கள்"னு எழுதிப் பிடிக்கச் சொன்னாங்க. வெயில்ல ரெண்டு மணி நேரம். போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. காசு ஒரு தனி ஆளோட ஜிபே நம்பருக்குப் போச்சு. நாலு மாசம் கேட்டுக் கேட்டு, கடைசில பள்ளிக்கூடப் பை பத்து வந்துச்சு. ஜிப்பு ரெண்டு வாரத்துல பிஞ்சிருச்சு. எங்க அக்கா மவன் அந்த மஞ்சச் சட்டையை இப்பமும் பைக் துடைக்க வெச்சிருக்கான்.

அதனால நான் கேக்கது மூணே மூணு. அட்டை கிடையாது. பிள்ளைங்க போட்டோ கிடையாது. தனி ஆள் நம்பருக்குக் காசு கிடையாது. இதுக்குச் சம்மதம்னா எங்க தெருவுல இருந்து பத்துப் பேர் நடக்க வாரோம்.

#8 · வாஷி பாலம் · வியாழன் மதியம் 2.20

90 அடி அண்ணன் சொன்ன போட்டோ விஷயம் வெறும் நாகரிகம் மட்டும் இல்ல. ஹோம்ல இருக்கிற பிள்ளையோட பேர், முகம், ஸ்கூல் எதையும் ஊடகத்துல வெளியிடக் கூடாதுன்னு அதே சட்டத்துல 74-ஆவது பிரிவு இருக்கு. இந்த ஒன்பது பேரும் பதினெட்டு தாண்டினவங்க, நேரடியாப் பொருந்தாது. ஆனாலும் நாளைக்கு வேலை குடுக்கிற முதலாளி கூகுள்ல தேடும்போது "ஆதரவற்ற இளைஞர்"னு முதல் படமா வந்து நிக்க வேணாமே.

இப்ப என் கேள்வி. யாரும் கேக்கல, நான்தான் கேக்கணும் போல. காலையில அஞ்சரைக்குக் கிளம்பி மூணு மணி நேரம் நடக்கணும். வழியில பொம்பளைங்களுக்கு டாய்லெட் எங்க? 2011ல இந்த ஊர்லதான் பொதுக் கழிப்பிட உரிமைக்காகப் பொம்பளைங்க இயக்கமே நடத்தினாங்க. இன்னைக்கும் நான் வெளிய கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி தண்ணியை நிறுத்துறவதான். அந்தப் பழக்கத்தோட 13 கி.மீ. நடந்தா லால்பாக்ல மயங்கி விழுவேன்.

#9 · 8.12 ஸ்லோ · வியாழன் மாலை 6.30

டாய்லெட் பட்டியல் நான் எடுக்கிறேன். ஸ்டேஷன்ல எல்லாம் இருக்கு, ஆனா ரோட்டை விட்டு உள்ள போகணும்.

நடக்கப் போறவங்களுக்குச் சில டிப்ஸ். ஷூ ரொம்ப முக்கியம். நல்ல குஷன் உள்ளதா ஏழாயிரம் எட்டாயிரத்துல கிடைக்கும், அதுக்குக் கீழ வாங்காதீங்க, முட்டி போயிடும். ட்ரை-ஃபிட் சாக்ஸ் ரெண்டு ஜோடி. இடுப்புப் பை. வாட்ச் இருந்தா நல்லது.

#10 · தொண்ணூறடி ரோடு · வியாழன் மாலை 6.41

தம்பி, எட்டாயிர ரூவா ஷூவைப் போட்டுக்கிட்டு அஞ்சஞ்சு ரூவாயா பிரிக்கப் போறோமா? அந்த எட்டாயிரத்தை நேரா அந்தப் பிள்ளைங்ககிட்ட குடுத்திரலாமே. எங்கய்யா தோல் ஷாப்புல வேலை பாத்தவரு. ஊர்ல இருந்து வந்த புதுசுல திருநெல்வேலிச் செருப்போட இந்த பம்பாயையே அளந்தவரு. முட்டி ஒண்ணும் போகல.

#11 · 8.12 ஸ்லோ · வியாழன் மாலை 6.50

தப்புதான் அண்ணே. பழக்கதோஷம். திருத்திக்கிறேன்: இருக்கிற பழைய ஷூவே போதும். புதுசு போட்டுட்டுத்தான் வரக் கூடாது, கடிக்கும். குதிகால்லயும் விரல் இடுக்குலயும் வாசலின் தடவிக்கோங்க. பொட்டலத்துல டபிள்யூஎச்ஓ ஃபார்முலான்னு எழுதியிருக்கிற ஓஆர்எஸ் ரெண்டு வாங்கி ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணியில கலக்கணும். டெட்ரா பாக்கெட்ல வர்ற இனிப்புத் தண்ணி வேண்டாம். டிசம்பர் காலையில வெயில் தொந்தரவு இல்ல, ஏழு மணி தாண்டித்தான் சூரியனே வரும். தூசிதான் பிரச்சனை. பரேல், லால்பாக் பக்கம் கட்டட வேலை. ஆஸ்துமா இருக்கிறவங்க அன்னைக்குக் காத்து எப்படின்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

#12 · கிங்ஸ் சர்க்கிள் பிளாட்பாரம் · வியாழன் இரவு 10.15

நடந்து காசு சேக்கறதை ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச மாதிரி பேசறது எனக்கு ஒப்பலை. பழனிக்குப் பாதயாத்திரை போறவாளைப் பாத்ததில்லையா? தைப்பூசத்துக்கு காரைக்குடிப் பக்கத்துலேர்ந்து நகரத்தார் காவடி எடுத்துண்டு நடக்கறா. வழி நெடுக நீர்மோர்ப் பந்தல், அன்னதானம். இங்க மகாராஷ்டிராவுல வாரின்னு ஒரு பாதயாத்திரை. ஆளந்தியிலேர்ந்து பண்டரிபுரம் சுமார் 250 கி.மீ., மூணு வாரம். கிராமத்துல வாரிக்காரா காலைப் பிடிச்சு எண்ணெய் தேச்சு விடறா. நடக்கறவனுக்குக் குடுத்தா நாமளும் கூட நடந்த மாதிரின்னு அவா நம்பிக்கை. உங்க கிலோமீட்டருக்கு அஞ்சு ரூபாயும் அதே சரக்குதான், ரசீது மட்டும் கூட வரது.

#13 · துபாய் தற்காலிகம் · வெள்ளி காலை 9.00

கேட்டு வைக்கிறேன், வெளிநாட்டுல இருக்கிறவங்க அனுப்பலாமா? எங்க சித்தப்பா நியூஜெர்சில இருக்கார், டாலர்ல அனுப்புறேன்னு நிக்கிறார். ஹாங்காங்ல இருக்கிற மச்சானும் வர்றேங்கிறான். அவன் ஊர்ல நாலு பேர் சேந்து 100 கி.மீ. மலையில நடக்கிற ட்ரெயில்வாக்கர் ரொம்பப் பிரபலம். 1981ல கூர்க்கா சிப்பாய்களோட பயிற்சியா ஆரம்பிச்சது, அப்புறம் பொதுமக்களும் சேந்து ஏழைகளுக்குக் காசு சேக்கிற நடையாயிடுச்சு.

#14 · அஞ்சு கார்டன் · வெள்ளி காலை 9.45

இதை எல்லாரும் நன்னா படிச்சுக்கோங்கோ, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

துபாய்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வெச்சிருக்கார்னா, சொந்தச் சம்பாத்தியத்துலேர்ந்து முறையா பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடையே இல்லை. சித்தப்பா அமெரிக்கப் பிரஜை ஆயிட்டாரா? அப்போ கையில ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளிக்காராளுக்குக் குடுக்கற அட்டை) இருந்தாலும் அவர் வெளிநாட்டார்தான். அவரண்டை வாங்கணும்னா டிரஸ்டுக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இருக்கணும், பணம் டெல்லி சன்சத் மார்க்ல இருக்கற ஸ்டேட் பேங்க் கிளையில திறந்த கணக்குக்குத்தான் முதல்ல வரணும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் அதான் விதி. சின்ன டிரஸ்டுக்கு அந்தப் பதிவு இல்லைன்னா சித்தப்பாகிட்ட "ஆசீர்வாதம் போதும்"னு சொல்லிடுங்கோ. வேற யார் கணக்கு வழியாவாவது சுத்தி விடலாம்னு நினைச்சா டிரஸ்டையே இழுத்து மூட வேண்டி வரும்.

வரி விலக்கு கேக்கறவாளுக்கு: 80ஜி சலுகை பழைய வரி முறையில இருக்கறவாளுக்கு மட்டும். புது முறையில கிடையாது, 2023-24லேர்ந்து நீங்க வாயைத் திறந்து பழசு வேணும்னு சொல்லலைன்னா புதுசுதான். ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல குடுத்தா 80ஜி இல்லை. டிரஸ்ட் உங்களுக்கு நன்கொடைச் சான்றிதழ் தரணும், அடுத்த மே 31க்குள்ள. அதுக்கு உங்க பான் நம்பர் வேணும். அதனால அஞ்சு ரூபா குடுக்கற இருபது பேரோட பேரும் தனித்தனியா டிரஸ்ட் கணக்குலயே ஏறணும். நீங்க வசூல் பண்ணி மொத்தமாப் போட்டா உங்க பேர்லதான் ரசீது வரும்.

90 அடி ரோட்டுக்காரர் சொன்ன மூணு நிபந்தனையோட என்னோடது நாலாவது. டி-ஷர்ட் கிடையாது.

#15 · சாயன் மூணாம் மாடி · வெள்ளி காலை 10.20

நாலுக்கும் சம்மதம். டிரஸ்ட் கியூஆர் கோடு மட்டும்தான் எல்லாருக்கும் போகும்.

(டி-ஷர்ட்டுக்கு விலை கேட்டு வெச்சிருந்தேன். சொல்லாம விட்டுடலாம்னு பாத்தேன், மாமா கண்டுபிடிச்சுடுவார்.)

#16 · பேர் வேண்டாம் · வெள்ளி இரவு 11.35

வணக்கம். இதான் என் முதல் பதிவு. டீச்சர் லிங்க் அனுப்பினாங்க. அந்த ஒன்பது பேர்ல நான் ஒருத்தன். தமிழ் எழுத்துல தப்பு இருந்தா மன்னிக்கணும், நான் படிச்சது மராத்தியில, போன்ல பேசி டைப் பண்ணுறேன்.

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். அட்டை வேண்டாம்னு சொன்ன அண்ணனுக்கு நன்றி. நான் ஹோம்ல இருக்கும்போது அட்டை நாலு தடவை பிடிச்சிருக்கேன். ஒரு தடவை தலைகீழா பிடிச்சேன், யாரும் பாக்கல.

ஷூ பத்திப் பேசினீங்க. நான் ஐடிஐ ஃபிட்டர். ஜூலையில ஒரு கம்பெனியில எடுத்துக்கிட்டாங்க. முதல் நாள் சேஃப்டி ஷூ போட்டு வரணும்னாங்க, முன்னாடி இரும்பு மூக்கு இருக்குமே அது. கையில காசு இல்ல. குர்லாவுல பழசு வாங்கினேன், ரெண்டும் வேற வேற சைஸ். வலது கால் ஒன்பது, இடது கால் எட்டு. இடது கால்ல காகிதம் வைக்க வேண்டியதில்ல, வலது கால்ல மட்டும் வெச்சுக்கிட்டேன். ஒரு மாசம் போட்டேன். சம்பளம் வந்ததும் புதுசு வாங்கிட்டேன்.

நான் சொல்ல வந்தது இது. காசு சேந்தா எங்களுக்குப் பெருசா எதுவும் வாங்கித் தர வேண்டாம். லேப்டாப் கேட்டா எல்லாரும் குடுக்கிறாங்க, போட்டோவுல நல்லா வரும். சேஃப்டி ஷூ யாரும் குடுக்கல. முதல் மாசம்தான் கஷ்டம். வேலை கிடைச்ச நாளுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவுல முப்பது நாப்பது நாள் இருக்கு. ட்ரெயின் பாஸ், டப்பா, ஷூ, மெடிக்கல் டெஸ்ட். உங்க வீட்டுல அதை அப்பா பாத்துக்குவார். எங்களோட இருந்த ஒருத்தன் நல்ல வேலையை அந்த முதல் மாசத்துலயே விட்டுட்டான். பன்வேல் வரைக்கும் போக வர காசு இல்ல, சொல்ல வெக்கம்.

மகாராஷ்டிராவுல எங்களை மாதிரி ஆளுங்களுக்கு 1 சதவீத ஒதுக்கீடு 2018ல வந்துச்சு. அதுக்கு அனாதைன்னு ஒரு சர்ட்டிபிகேட் வேணும். அதை வாங்க நான் நடந்த நடை நூறு கிலோமீட்டர் இருக்கும். அதுக்கு யாரும் கிலோமீட்டருக்கு அஞ்சு ரூபா தரல. (இது ஜோக்.)

#17 · தொண்ணூறடி ரோடு · வெள்ளி இரவு 11.50

ஜோக் நல்லாத்தாம்ல இருக்கு. நாளைக்குக் கடைக்கு வா, டீ குடிப்போம்.

#18 · அஞ்சு கார்டன் · சனி காலை 5.50

ராத்திரி தூக்கம் பிடிக்கலை. அந்த எட்டும் ஒன்பதும் மண்டையில ஓடிண்டே இருந்தது.

நான் 1974ல வேலைக்குச் சேந்தப்போ முதல் சம்பளம் வர வரைக்கும் மாதுங்காவுல ஒரு மெஸ்காரர் கடனுக்குச் சாப்பாடு போட்டார். எழுதி வெச்சுக்கலை. ஒரு தமிழ்ப் பையன், மார்க்கெட்டுல வாழையிலை விக்கறவர் சிபாரிசு, அவ்வளவுதான் ஜாமீன். இதை நான் மறந்தே போயிட்டேன்னு சொன்னா நம்பணும்.

அதனால ஒரு பிரேரணை. டெபாசிட்டும் ஃபீஸும் ஒரு பக்கம். தனியா 'முதல் மாசம்'னு ஒரு வரி போடுங்கோ டிரஸ்ட் கணக்குல. யாருக்கு வேலை கிடைச்சாலும் அன்னிக்கே எடுத்துக் குடுக்கணும், விண்ணப்பம், கமிட்டி எல்லாம் கூடாது. சம்பளம் வந்தப்புறம் திருப்பித் தந்தா தரட்டும், அடுத்த பையனுக்கு ஆகும். தரலைன்னா துரத்தக் கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு நான் பாக்கறேன், இலவசமா.

ஆத்துல சொன்னேன். "அப்போ நீங்களும் நடங்கோ"ங்கறா. எனக்கு எழுபத்தி மூணு வயசு, ஒரு ஸ்டென்ட். டாக்டரைக் கேட்டுட்டு அஞ்சு கார்டனைச் சுத்தி தினம் ஒரு கிலோமீட்டர், மாசம் முப்பது. கிலோமீட்டருக்கு அஞ்சு ரூபாய்க்கெல்லாம் நான் நடக்க மாட்டேன், ரேட் ஐம்பது. யார் யார் போடறேள்?

#19 · 8.12 ஸ்லோ · சனி காலை 7.10

மாமாவுக்கு ஐம்பது, நான் போடுறேன்.

#20 · துபாய் தற்காலிகம் · சனி காலை 7.25

நானும். ஆனா ஜிபிஎஸ் காட்டணும். தொட்டில்ல கட்டக் கூடாது.

#21 · கிங்ஸ் சர்க்கிள் பிளாட்பாரம் · சனி காலை 7.40

நான் சாட்சி. தினம் காலையில அவரைக் கார்டன்ல பாக்கறேன். ரெண்டு சுத்து சுத்திட்டு பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிப்பர். பேப்பர் படிக்கற நேரத்தைக் கழிச்சுண்டு போடுங்கோ.

#22 · மட்டுறுத்துநர் · சனி காலை 11.00

இந்த இழையில் யாரும் தனிப்பட்ட போன் நம்பர், கியூஆர் கோடு, டிரஸ்டின் பெயர், பிள்ளைகளின் விவரம் போட வேண்டாம். தனிச்செய்தியில் வைத்துக்கொள்ளுங்கள். அத்துடன் 10,000 ஸ்டெப் நல்லதா இல்லையா என்று தனியாக ஒரு சண்டை ஆரம்பித்து, அந்தப் பதினேழு பதிவுகளை உடல்நலம் பகுதிக்கு மாற்றியிருக்கிறோம். (அந்தப் பத்தாயிரமே 1965-இல் ஜப்பானில் வந்த ஒரு நடைக்கருவியின் பெயரிலிருந்து பிறந்த எண்தான். மேற்கொண்டு அங்கே அடித்துக்கொள்ளவும்.)

#23 · சாயன் மூணாம் மாடி · ஞாயிறு இரவு 8.30

இன்னைக்கு டிரஸ்ட்ல பேசிட்டேன். முதல் மாசக் கணக்குக்குச் சம்மதம். அவங்க போலீஸ்ல கேட்டுப் பாத்தாங்க. பேனர், மைக், கோஷம்னா அனுமதி அது இதுன்னு வேலை இருக்கு. அதனால ஊர்வலம் கிடையாது. எட்டெட்டுப் பேரா, பத்து நிமிஷ இடைவெளி விட்டு, பிளாட்பாரத்துல சாதாரணமா நடக்கிறோம். ஜனவரி மூணாவது ஞாயிறு மும்பை மாரத்தான் வேற, அதனால டிசம்பரைத் தள்ளிப் போட முடியாது.

இதுவரைக்கும் முப்பத்தொரு பேர் நடக்கிறோம். 90 அடி ரோடு தெருவுல இருந்து மட்டும் பதினாலு. பாதிப் பேர் என்னை விட வேகமா நடப்பாங்க.

பைகுல்லாவுக்கு அப்புறம் ஜேஜே மேம்பாலத்துல ஏறக் கூடாது, கீழ முகமது அலி ரோடுதான். அங்க வழி சரியாத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்.

#24 · பேர் வேண்டாம் · ஞாயிறு இரவு 9.15

அது எனக்குத் தெரியும் டீச்சர். ஐடிஐ படிக்கும்போது ரெண்டு வருஷம் காலையில அந்தப் பக்கம் பேப்பர் போட்டேன். நான் முன்னாடி நடக்கிறேன். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான்.

ஒண்ணு கேக்கணும். நானும் நூறு கிலோமீட்டர்ல சேரலாமா? என் சூப்பர்வைசர் ரெண்டு ரூபா போடுறேன்னு சொல்லியிருக்கார்.

#25 · சாயன் மூணாம் மாடி · ஞாயிறு இரவு 9.18

முப்பத்திரண்டு.

#26 · வாஷி பாலம் · ஞாயிறு இரவு 9.40

தம்பி, அந்தப் பக்கம் தெரியும்னு சொன்னீங்களே, கூச்சப்படாமச் சொல்லுங்க. 8.12 குடுத்த பட்டியல்ல பைகுல்லாவுக்குக் கேள்விக்குறி போட்டிருக்கு. காலையில ஏழு மணிக்கு லேடீஸ் டாய்லெட் திறந்திருக்குமா?

#27 · பேர் வேண்டாம் · ஞாயிறு இரவு 9.52

ரோட்டு மேல இருக்கிறது எட்டுக்குத்தான் திறப்பாங்க அக்கா. மார்க்கெட் பின்னாடி ஒண்ணு இருக்கு, அது அஞ்சு மணிக்கே திறந்துடும், காய்கறிக்காரம்மாங்களுக்காக. சுத்தமா இருக்கும். எல்லாரும் அஞ்சு ரூபா சில்லறை கொண்டு வரச் சொல்லுங்க, அங்க உக்காந்திருக்கிற காக்கா (மராத்தியில பெரியப்பா மாதிரி) ஜிபே வாங்க மாட்டார்.